பத்துக்கு ஒன்பது வாங்கிய கீவேர்டு

கூகுள் தேடலில் விளம்பரம் காட்டும் என் கூகுள் ஆட்ஸ் கணக்கில் ‘பில்லிங் மென்பொருள்’ என்பது ஒரு கீவேர்டு, அதாவது அதைத் தேடுபவருக்கு என் விளம்பரம் தெரிய நான் கொடுத்துவைத்த சொல். அதற்குக் கூகுள் தரும் குவாலிட்டி ஸ்கோர் என்ற தர மதிப்பெண் பத்துக்கு 4-இல் தொடங்கி 9-ஐத் தொட்ட அன்று, அந்தத் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டேன். ஐந்து மாத உழைப்பு அது. கிளிக் ஒன்றின் விலை 18 ரூபாயிலிருந்து 13 ரூபாய்க்கு இறங்கியிருந்தது. மாதம் முடிந்து கணக்குப் பார்த்தபோது, விளம்பரத்துக்குப் போன பணத்தில் ஏறக்குறைய பாதிதான் கமிஷனாகத் திரும்பியிருந்தது.

மதிப்பெண் ஏறிய மாதத்தில் பணம் ஏன் போனது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு மேலும் பல மாதங்கள் ஆயின. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் அந்த மாதங்களை என்னைப் போல விலை கொடுத்து வாங்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொழில் இதுதான். சிறிய கடைகளுக்கான பில்லிங் மென்பொருள்களைப் பயன்படுத்திப் பார்த்து, எது யாருக்குப் பொருந்தும் என்று ஒரு தளத்தில் எழுதுகிறேன். என் இணைப்பு வழியாகப் போய் யாராவது ஓராண்டுச் சந்தா கட்டினால் எனக்கு 1,500 ரூபாய் கமிஷன். கமிஷன் வரும் என்பதைப் பக்கத்தின் உச்சியிலேயே எழுதியிருக்கிறேன். தளத்துக்கு ஆள் வருவது கூகுள் தேடல் விளம்பரத்தால். ஒவ்வொரு கிளிக்குக்கும் நான் பணம் கட்டுகிறேன். கட்டுகிற பணத்துக்கும் வருகிற கமிஷனுக்கும் இடையில் மிஞ்சுவதுதான் என் சம்பளம்.

தொடங்கிய காலத்தில் ஒரு மாதக் கணக்கு இப்படி இருந்தது: 2,300 கிளிக், தலா 18 ரூபாய், மொத்தம் 41,400 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 7,452 ரூபாய். விற்பனை 16. கமிஷன் 24,000. ஜிஎஸ்டி பதிவு அப்போது என்னிடம் இல்லாததால் அந்த வரியைத் திரும்பப் பெற வழியில்லை. விளம்பரக் கணக்கின் அறிக்கைகளில் ‘செலவு’ என்று தெரியும் தொகையில் இந்த வரி சேராது. எனவே நான் நஷ்டத்தைப் பல மாதங்கள் குறைத்தே மதிப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நஷ்டத்துக்குக் காரணம் கிளிக் விலைதான் என்று உறுதியாக நம்பினேன். குவாலிட்டி ஸ்கோரை உயர்த்தித் தருவதாகச் சொன்ன ஒரு மென்பொருளுக்கு மாதம் 4,200 ரூபாய் கட்டினேன். அது சொன்ன வேலையைச் செய்தது என்பதை மறுக்க மாட்டேன். குவாலிட்டி ஸ்கோர் 1 முதல் 10 வரை தரப்படும் மதிப்பெண். உங்கள் விளம்பரத்தைப் பார்ப்பவர் கிளிக் செய்யும் வாய்ப்பு, தேடியவரின் எண்ணத்தோடு விளம்பரம் பொருந்துவது, கிளிக் செய்தபின் வந்துசேரும் பக்கத்தின் தரம் ஆகிய மூன்றையும், அதே கீவேர்டுக்கு விளம்பரம் செய்யும் மற்றவர்களோடு ஒப்பிட்டு இது தரப்படுகிறது. ஒவ்வொன்றும் சராசரிக்கு மேலா, கீழா, சராசரியா என்று கீவேர்டு அறிக்கையிலேயே தனித்தனிப் பத்திகளில் பார்க்கலாம், இலவசமாக. நான் வாங்கிய மென்பொருள் இவற்றைத்தான் அழகான வண்ணங்களில் காட்டியது. விளம்பரக் குழுக்களைச் சிறிதாகப் பிரி, தலைப்பில் கீவேர்டை வை, பக்கத்தின் வேகத்தைக் கூட்டு என்றது. எல்லாவற்றையும் செய்தேன். ஏறக்குறைய அதே பணத்துக்கு 2,300 கிளிக்குக்குப் பதில் 3,200 கிளிக் வந்தன. விற்பனை 16-லிருந்து 17 ஆனது.

தொள்ளாயிரம் பேர் கூடுதலாக வந்திருக்கிறார்கள். ஒருவர் மட்டும் கூடுதலாக வாங்கியிருக்கிறார். வாங்க வராதவர்களை மலிவான விலைக்கு அழைத்துவரக் கற்றுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். இந்த மதிப்பெண் ஒரு சோதனைக் கருவி மட்டுமே, ஒவ்வொரு தேடலுக்கும் யார் விளம்பரம் தெரிய வேண்டும் என்பதை முடிவு செய்யும் விளம்பர ஏலத்தில் அது நேரடியாகச் சேர்க்கப்படுவதில்லை என்று கூகுளின் உதவிப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. அதைப் படித்திருந்தும் அதன் பொருளை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

திருப்பம் மென்பொருளில் வரவில்லை, ஈரோட்டில் அக்கா வீட்டுக்காரரின் மளிகைக் கடையில் வந்தது. அவர் கல்லாவில் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் நின்று என் விளம்பரத்தைக் காட்டினேன். “மாப்பிள்ளை, எனக்கு இது வேண்டுமென்றால் ‘பில்லிங் மென்பொருள்’ என்றா தேடுவேன்? தராசில் எடை போட்டால் பில்லில் தானாக ஏறுமா என்றுதான் தேடுவேன். அது ஏறாவிட்டால் எனக்கு அந்த மென்பொருளே வேண்டாம்” என்றார்.

“அப்படியானால் அந்த வார்த்தையைத் தேடுகிறவர்கள் யார், மாமா?”

“அது உனக்குத்தானே தெரிய வேண்டும்.”

எனக்குத் தெரியவில்லை. எந்தச் சொல்லைத் தேடி வந்தவர் பணம் கட்டினார் என்பதற்கு என்னிடம் ஒரு வரி ஆதாரமும் இல்லை. கூகுள் ஆட்ஸில் எந்த நிகழ்வை வெற்றியாக எண்ண வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். அதற்கு கன்வெர்ஷன் என்று பெயர். என் பக்கத்தில் உள்ள ‘மென்பொருளைப் பார்க்க’ பொத்தானை அழுத்துவதையே கன்வெர்ஷன் என்று வைத்திருந்தேன். விற்பனை நடப்பது விற்பவரின் தளத்தில், அதுவும் 14 நாள் இலவசச் சோதனை முடிந்த பிறகு. அதை என் கணக்கு பார்க்கவே முடியாது. ஏலத் தொகையை இயந்திரமே முடிவு செய்யும் தானியங்கி முறையில் விட்டிருந்ததால், பொத்தானை அழுத்தும் பழக்கம் உள்ளவர்களை இயந்திரம் விடாமல் தேடிப்பிடித்துத் தந்துகொண்டிருந்தது. நான் கேட்டதைத்தான் கொடுத்தது.

அன்றிரவே மாத மென்பொருளை நிறுத்தினேன். கமிஷனாக வந்த ஒவ்வொரு ரூபாயையும், அந்த ஆள் முதலில் தட்டிய சொல்வரை பின்னோக்கிக் கொண்டுபோக வேண்டும் என்று முடிவு செய்தேன். அந்த வேலையைச் செய்யாத கருவிக்கு இனிப் பணம் கிடையாது.

வழி இருக்கிறது. விளம்பரத்தைக் கிளிக் செய்யும்போது முகவரியின் வாலில் ஜிசிஎல்ஐடி எனப்படும் ஓர் அடையாளக் குறி ஒட்டிக்கொண்டு வரும். ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு குறி. விற்பவரையும் என்னைப் போலக் கமிஷனுக்குப் பரிந்துரைப்பவரையும் இணைப்பவை அஃபிலியேட் வலைப்பின்னல்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் நம் இணைப்போடு சப்-ஐடி என்ற ஒரு குறிப்பையும் சேர்த்து அனுப்பலாம். விற்பனை நடந்தால் கமிஷன் அறிக்கையில் அந்தக் குறிப்பு அப்படியே திரும்பி வரும். ஜிசிஎல்ஐடியைச் சப்-ஐடியாக அனுப்பி, திரும்பி வந்ததும் கமிஷன் தொகையோடு கூகுள் ஆட்ஸில் ஏற்றினால் வட்டம் முழுமையாகிவிடும். கிளிக் நடந்து 90 நாளுக்குள் ஏற்ற வேண்டும்.

சொல்லும்போது எளிது. நான் ஏற்றிய முதல் கோப்பில் ஒரு வரியும் ஏறவில்லை. ஜிசிஎல்ஐடியில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. நான் சேர்ந்திருந்த வலைப்பின்னலோ, திருப்பித் தரும்போது எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கித் தந்தது. ஒரு மாத விற்பனை விவரம் அதில் வீணானது. பிறகு முறையை மாற்றினேன். என் பக்கத்துக்கு வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறிய வரிசை எண் கொடுத்து, அந்த எண்ணுக்கு நேரே ஜிசிஎல்ஐடி, கீவேர்டு, கைப்பேசியா கணினியா என்பவற்றை என் சொந்தப் பட்டியலில் சேமித்தேன். வலைப்பின்னலுக்கு அந்த எண் மட்டும் போகும். இருபது வரி நிரல்தான். நண்பர் ஒருவர் ஒரு மாலையில் எழுதிக் கொடுத்தார்.

அதிலும் ஒரு பள்ளம் இருந்தது. முதலில் வைத்த எண் 17 இலக்கம். எக்செலில் கோப்பைத் திறந்து சேமித்ததும் 15 இலக்கத்துக்கு மேல் உள்ளவை பூஜ்ஜியமாகிவிட்டன. எண்ணுக்கு முன் ஓர் எழுத்தைச் சேர்த்த பிறகே அது எழுத்துத் தொடராகக் கருதப்பட்டுத் தப்பியது. மூன்றாவது பள்ளம் நேரம். வலைப்பின்னலின் அறிக்கை வெளிநாட்டு நேரத்தில் வரும். அதை அப்படியே ஏற்றினால், கிளிக் செய்வதற்கு முன்பே பொருளை வாங்கியதாகக் கணக்கு காட்டும், அந்த வரி நிராகரிக்கப்படும். நேர மண்டலத்தைக் கோப்பிலேயே குறிப்பிட வேண்டும்.

மாதம் 17 விற்பனை என்பது தானியங்கி ஏலம் கற்றுக்கொள்ளப் போதாத எண்ணிக்கை. அதனால் இலவசச் சோதனையில் சேர்வதையும் ஏற்றினேன். என் கணக்கில் ஆறு பேர் சோதித்தால் ஒருவர் பணம் கட்டுகிறார். 1,500-ஐ ஆறால் வகுத்தால் 250. சோதனையில் சேர்ந்தால் 250 ரூபாய் மதிப்பு, பிறகு சந்தா கட்டினால் மீதி 1,250 ரூபாய். பொத்தான் அழுத்தத்துக்கு மதிப்பே இல்லை. அதை வெறும் பார்வைக்காக மட்டும் வைத்திருக்கிறேன்.

மூன்று மாதம் கழித்துப் பட்டியலைப் பிரித்துப் பார்த்தேன். மொத்தம் 54 விற்பனை. பத்துக்கு ஒன்பது வாங்கிய ‘பில்லிங் மென்பொருள்’ கீவேர்டு என் செலவில் 38 சதவீதத்தைத் தின்றுவிட்டு 5 விற்பனை தந்திருந்தது. தராசு, பார்கோடு, மருந்துக் கடை, ஜவுளிக் கடை என்று பொருளோ தொழிலோ சேர்ந்த கீவேர்டுகள் செலவில் 14 சதவீதம்தான். அவை தந்த விற்பனை 31. அவற்றில் சிலவற்றின் மதிப்பெண் 5. ஒன்றுக்குப் போதுமான தரவு இல்லை என்று மதிப்பெண் இடத்தில் சிறு கோடு மட்டும் இருந்தது. நான் அந்த மூன்று மாதமும் காப்பாற்றி வளர்த்தது தவறான பிள்ளையை.

பிறகுதான் தேடல் சொற்கள் அறிக்கையை உட்கார்ந்து படித்தேன். நாம் வாங்குவது கீவேர்டு, மக்கள் உண்மையில் தட்டியது தேடல் சொல். இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம். ‘பில்லிங் மென்பொருள்’ என்ற பெயரில் எனக்கு வந்தவர்கள் தேடியது இவை: இலவசப் பதிவிறக்கம், லாகின், கஸ்டமர் கேர் நம்பர், பில்லிங் வேலைவாய்ப்பு, சம்பளம் எவ்வளவு, கல்லூரி புராஜெக்ட், வேர்டில் பில் மாதிரி. கல்லூரிப் பிள்ளைகளும் வேலை தேடுபவர்களும் ஏற்கெனவே சந்தா கட்டிவிட்டு உதவி எண் தேடுபவர்களும் சேர்ந்து என் பணத்தைச் செலவழித்திருந்தார்கள். அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர்களுக்கு முன்னால் என் விளம்பரத்தை நீட்டியது நான்.

இந்தச் சொற்களை நெகட்டிவ் கீவேர்டு பட்டியலில் போட்டால் அந்தத் தேடல்களுக்கு விளம்பரம் வராது. தமிழில் விளம்பரம் செய்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. கூகுள் விளம்பரங்களில் தமிழுக்கு ஆதரவு வந்தது 2018 பிப்ரவரியில். ஆனால் நெகட்டிவ் கீவேர்டு, ஒருமை பன்மை போன்ற நெருங்கிய வடிவங்களைத் தானாகப் பிடிக்காது. ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வடிவங்களோடு வேலை முடியும். நம் மொழியில் இலவசம், இலவச, இலவசமாக, இலவசமான என்று ஒவ்வொன்றையும் தனியே எழுத வேண்டும். ஒற்று மிகுந்து ‘இலவசப்’ என்று தட்டுபவர்களும் இருக்கிறார்கள். அதோடு அதே சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டுபவர்கள் ஆளுக்கு ஒரு எழுத்துக்கூட்டலில் தட்டுவார்கள். ‘இலவசம்’ என்ற ஒரு கருத்தைத் தடுக்க மட்டும் என் பட்டியலில் இன்று 23 வரிகள் உள்ளன. இதை எந்த மென்பொருளும் எனக்குச் செய்து தரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் நானே படித்துச் சேர்த்தது.

தமிழ்த் தலைப்புகளிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு தலைப்புக்கு 30 எழுத்து இடம். ஆனால் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி எழுத்தாக எண்ணப்படும். ‘கடைக்குப் பில்லிங் மென்பொருள்’ என்பதில் கண்ணுக்குத் தெரிவது 14 எழுத்தும் இரண்டு இடைவெளியும்தான், கணக்கில் அது 29. எழுதி முடித்து ஒட்டும்போது வெட்டுப்பட்டு, அவசரத்தில் ஒற்றை எடுத்துவிட்டுப் பிழையான தமிழில் விளம்பரம் வெளியிடுபவர்கள் பலர். முதலிலிருந்தே குறுகிய சொற்களில் யோசிப்பது நல்லது. ‘தராசோடு இணையும் பில்’ என்ற தலைப்புதான் இன்றுவரை எனக்கு அதிகம் சம்பாதித்துத் தந்தது.

ஒரு வலியான சம்பவத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு மாதக் கமிஷன் முழுவதையும் ஒரு நிறுவனம் நிறுத்திவைத்தது. அவர்களின் பிராண்டுப் பெயரைத் தேடியவர்களுக்கு என் விளம்பரம் தெரிந்திருக்கிறது. அந்தப் பெயரை நான் கீவேர்டாக வாங்கவே இல்லை. தொடர்புள்ள வேறு தேடல்களுக்கும் விளம்பரத்தைக் காட்டும் ‘விரிவான பொருத்தம்’ என்ற அமைப்பில் வைத்திருந்த வேறொரு கீவேர்டு அந்தத் தேடலையும் இழுத்துக்கொண்டது. ஒப்பந்தத்தில் பிராண்டுப் பெயர்த் தடை தெளிவாக இருந்தது, நான் பதினோராம் பக்கம்வரை படிக்கவில்லை. இப்போது எந்த அஃபிலியேட் திட்டத்தில் சேர்ந்தாலும், அந்த நிறுவனத்தின் பெயரையும் அதன் எழுத்துப்பிழை வடிவங்களையும் நெகட்டிவ் பட்டியலில் போட்ட பிறகுதான் விளம்பரத்தைத் தொடங்குகிறேன்.

அடுத்து, வந்துசேரும் பக்கம். முன்பு என் பக்கத்தில் ஓர் ஒப்பீட்டு அட்டவணையும் நான்கு பொத்தான்களும் மட்டுமே இருந்தன. வேறு தளத்துக்கு ஆளைக் கடத்திவிடுவதையே வேலையாகக் கொண்ட பக்கங்களைக் கூகுள் விளம்பரக் கொள்கை அனுமதிப்பதில்லை, அது நியாயம்தான். மாமாவின் கடையில் ஒரு மென்பொருளை இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்தேன். மின்சாரம் போய் வந்தபோது பாதி அடித்த பில் என்ன ஆனது, கடனுக்கு வாங்கும் வாடிக்கையாளரின் பாக்கியை எங்கே எழுதுவது, எடைத் தராசு இணைய எந்தக் கம்பி வேண்டும், எது இந்த மென்பொருளால் முடியாது என்று எல்லாவற்றையும் எழுதினேன். முடியாததை எழுதியதால் பொத்தான் அழுத்துபவர்கள் குறைந்தார்கள். சோதித்தபின் பணம் கட்டுபவர்கள் கூடினார்கள்.

இங்கே எனக்கு மிகவும் உதவிய கருவி மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி. முழுக்க இலவசம். பக்கத்துக்கு வந்தவர் எங்கே நின்றார், எதைத் தொட்டார் என்று பதிவாகக் காட்டும். தட்டச்சு செய்பவற்றை மறைத்துவிடும் வசதியும் உண்டு. முப்பது பதிவுகள் பார்த்ததில், பலரும் மென்பொருள் திரையின் படத்தைப் பொத்தான் என்று நினைத்துத் திரும்பத் திரும்பத் தட்டுவது தெரிந்தது. விலை விவரத்தை அந்தப் படத்துக்குக் கீழே கொண்டுவந்தேன். வேகத்துக்குப் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் போதும். பக்கத்தைத் திறந்ததும் திரையில் தெரியும் மிகப் பெரிய படமோ எழுத்துப் பகுதியோ 2.5 விநாடிக்குள் தெரிந்துவிட வேண்டும் என்பது அதன் அளவுகோல். 2 எம்பி அளவில் இருந்த ஒரே படத்தைச் சுருக்கியதில் அந்தப் பிரச்சினை முடிந்தது.

போலிக் கிளிக்குகளைத் தடுக்கும் மென்பொருள் ஒன்றும் ஒரு மாதம் வைத்திருந்தேன். சந்தேகத்துக்குரிய ஐபி முகவரிகளைத் தடுப்பதுதான் அதன் வேலை. ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால் பல கைப்பேசி வாடிக்கையாளர்கள் இருப்பது நம் ஊரில் சாதாரணம். ஒருவரைத் தடுக்கப்போய் வாங்க வந்தவரையும் தடுத்துவிடுவோம். செல்லாத கிளிக்குகளைக் கூகுளும் வடிகட்டுகிறது, அதற்கென்று அறிக்கையில் தனிப் பத்தி உண்டு. என் அளவுக் கணக்குக்கு இது போதும். பெரிய செலவு செய்பவர்கள் வேறுவிதமாக முடிவெடுக்கலாம். மொத்தமாகத் திருத்தங்கள் செய்யக் கூகுள் ஆட்ஸ் எடிட்டர் வைத்திருக்கிறேன், அதுவும் இலவசம். விளம்பரத்தைத் தொடங்கும்போது, கூகுள் தேடலுக்கு வெளியேயும் அதைக் காட்டும் தேடல் கூட்டாளித் தளங்கள், டிஸ்ப்ளே வலையமைப்பு ஆகிய இரண்டின் குறிகளையும் எடுத்துவிடுகிறேன். இருப்பிடத்தில், அந்த ஊரில் இருப்பவர்கள் மட்டும் என்று மாற்றிக்கொள்கிறேன். அந்த ஊர்மேல் ஆர்வம் உள்ளவர்களையும் சேர்ப்பதுதான் முதல் அமைப்பாக இருக்கும்.

எந்தக் கீவேர்டுக்கும் எவ்வளவு கொடுக்கலாம் என்பதை இப்போது ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடுவேன். நூறு கிளிக்குக்கு ஒரு விற்பனை என்றால் ஒரு கிளிக்கின் மதிப்பு 15 ரூபாய். பத்தில் ஒருவர் பணத்தைத் திரும்ப வாங்கினால் கமிஷனும் ரத்தாகும், ஆகவே 13 ரூபாய் 50 காசு. அதை 1.18-ஆல் வகுத்தால் 11 ரூபாய் 44 காசு. இது லாபமும் இல்லாத நஷ்டமும் இல்லாத கோடு. கிளிக் 13 ரூபாய்க்குக் கிடைத்ததென்று நான் மகிழ்ந்த அந்த மாதத்தில், நூறு கிளிக்குக்கு அரை விற்பனைதான் இருந்தது. இந்தக் கணக்கு அன்றே தெரிந்திருந்தால் கிளிக் 6 ரூபாய்க்கு வந்தால்கூட வேண்டாம் என்றிருப்பேன்.

சென்ற மாதம் விளம்பரச் செலவு 22,000 ரூபாய், வரி 3,960. விற்பனை 30, கமிஷன் 45,000. கருவிகளுக்கென்று மாதச் சந்தா எதுவும் இல்லை. சராசரி குவாலிட்டி ஸ்கோர் 6.

மாதம் ஒருமுறை மாமாவின் கடையில் ஒரு மணி நேரம் நிற்கிறேன். போன வாரம், தையல் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா பொருள் வாங்க வந்தார். அளவு எழுதிவைக்கவும் கைப்பேசியிலிருந்தே சிறு ரசீது அடிக்கவும் ஏதாவது இருக்கிறதா, கணினி வாங்கப் பணம் இல்லை என்று மாமாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து கீவேர்டு பிளானரில் பார்த்தேன். மாதத்துக்கு 10 முதல் 100 தேடல் என்று காட்டியது. அன்றிரவே அந்தச் சொற்களில் ஒரு சிறு விளம்பரக் குழு தொடங்கினேன். இதுவரை நான்கு கிளிக், ஒரு சோதனைப் பதிவு. பதினான்கு நாள் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.